சாம்பல் தொட்டி ஓவியர்கள்



அடுப்புச் சாம்பலைக் கொட்டி வைக்கும் தகரத் தொட்டியின் பெயரால் ஓர் ஓவியர் கூட்டம் வரலாற்றில் இடம் பிடித்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. 'ஆஷ்கேன்' ஓவியர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். ஆஷ் என்றால் சாம்பல், கேன் என்றால் தொட்டி. சீமான்களையும் சீமாட்டிகளையும் விட்டுவிட்டு, துணி காயப்போடும் பெண்ணையும் தெருவில் விளையாடும் பிள்ளையையும் வேலை முடிந்து ரயிலுக்கு ஓடும் கூட்டத்தையும் வரைந்தவர்கள் அவர்கள்.

நம்ம காலேஜ் மலரில் இன்ஜினியர்கள் என்றால் பாலம், கம்ப்யூட்டர், வெளிநாட்டு வேலை என்றுதான் எழுதுவார்கள். நடுவில் இவன் எங்கே ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான் என்று சீனியர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நான் சிவில் படித்தவன். கட்டட வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. வேலை விஷயமாக இரண்டு வருடம் நியூயார்க் பக்கம் இருக்க நேர்ந்தபோது, லீவு நாட்களில் மியூசியங்களுக்குப் போவேன். ஆரம்பத்தில் குளிருக்கு ஒதுங்கத்தான் போனேன் என்பதே உண்மை! புரூக்ளின் மியூசியத்தில் ஒரு படத்தின் முன்னால் கால் தானாக நின்றுவிட்டது. அது ஓர் அஸ்திவாரக் குழியின் படம். அதை வரைந்தவர் யார், அவருக்கு வாத்தியார் யார் என்று தேடப்போய்க் கிடைத்த கதைதான் இது. இந்தக் கதையில் வருகிறவர்களில் சிலர் நம்மைப் போலவே ஸ்கேலும் காம்பஸும் பிடித்து மெக்கானிக்கல் டிராயிங் பழகியவர்கள் என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்

கதை ஆரம்பிப்பது நியூயார்க்கில் அல்ல, பிலடெல்பியாவில். அங்கே சென்ட்ரல் ஹைஸ்கூல் என்று பழைய பள்ளி ஒன்று உண்டு. 1861-ல் அங்கே படிப்பை முடித்தவர் தாமஸ் ஈக்கின்ஸ். துடுப்புப் படகுக்காரர்களை வரைவதற்கு முன்னால், பர்ஸ்பெக்டிவ் டிராயிங் போட்டு, தண்ணீரில் படகு எந்த இடத்தில் எந்த அளவில் தெரியும் என்று கணக்குப் பார்த்து வரைந்த மனிதர் அவர். பிற்பாடு பென்சில்வேனியா அகாடமி என்ற ஓவியக் கல்லூரியில் ஆசிரியரானார். மனித உடலை நேரில் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பெண்கள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் ஆடையை முழுதாக நீக்கிவிட்டார் என்று பிரச்சினை கிளம்பி, 1886-ல் வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

வாத்தியார் போனாலும் பாடம் போகவில்லை. அவருடைய மாணவர் தாமஸ் அன்ஷுட்ஸ் அதே அகாடமியில் பாடம் நடத்தினார். இந்த அன்ஷுட்ஸ் 1880-ல் வரைந்த ஒரு படம், இரும்பு ஆலைத் தொழிலாளர்களின் மதிய இடைவேளையைக் காட்டுகிறது. மேல்சட்டை இல்லாத மனிதர்கள் கை கால் அலம்புகிறார்கள், சோம்பல் முறிக்கிறார்கள், சும்மா நிற்கிறார்கள். அவ்வளவுதான். ஷாப் ஃப்ளோரில் வேலை பார்த்த நம் ஆட்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அன்ஷுட்ஸிடம் படித்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஹென்ரை. எழுத்தைப் பார்த்து எல்லோரும் பிரெஞ்சுக்காரர் என்று நினைத்துக் கூப்பிட, 'ஹென்ரை என்று சொல்லுங்கள்' என்று திருத்துவாராம். 1890-களில் பிலடெல்பியாவின் வால்நட் தெரு 806-ஆம் எண்ணில் இருந்த அவருடைய அறையில் வாராவாரம் இளைஞர்கள் கூடினார்கள். ஜான் ஸ்லோன், வில்லியம் கிளாக்கன்ஸ், ஜார்ஜ் லக்ஸ், எவரெட் ஷின் என்ற நால்வர் அதில் முக்கியமானவர்கள். ஸ்லோனும் கிளாக்கன்ஸும் ஈக்கின்ஸ் படித்த அதே சென்ட்ரல் ஹைஸ்கூல் பிள்ளைகள். அப்பாவின் மனநலம் கெட்டதால் 1888-ல் பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டுப் புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் ஸ்லோன். ஷின்னோ மெக்கானிக்கல் டிராயிங் படித்துவிட்டு, கேஸ் விளக்குச் சாமான்கள் செய்யும் கம்பெனியில் டிசைனராக இருந்தவர். நம்ம ஆள்!

அந்த அறையில் ஓவியப் பேச்சு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். 1894-ல் அப்போது பிரபலமாக இருந்த 'டிரில்பி' நாவலைக் கேலி செய்து ஒரு நாடகம் போட்டார்கள். கதாநாயகி வேஷம் கட்டியவர் ஸ்லோன். நம்ம ஹாஸ்டல் டே நாடகங்கள் ஞாபகம் வருகிறதா?

பத்திரிகை ஆபீசே பட்டறை

இந்த நால்வருக்கும் சோறு போட்டது பத்திரிகை. அன்றைய தினசரிகளில் போட்டோ போட முடியாது. மை ஒட்டினால் கறுப்பு, ஒட்டாவிட்டால் வெள்ளை. நடுவில் சாம்பல் நிறமே கிடையாது. ஆகவே கோட்டுச் சித்திரம் வரைந்து, அதை பிளாக் எடுத்து அச்சடித்தார்கள். எங்கேயாவது தீப்பிடித்தால், ரயில் கவிழ்ந்தால், கோர்ட்டில் பெரிய வழக்கு நடந்தால், நிருபரோடு கூட ஓர் ஓவியரும் ஓடுவார். அங்கேயே உட்கார்ந்து நிதானமாக வரைய நேரம் ஏது? துண்டுக் காகிதத்தில் நாலு கோடு, சில குறிப்புகள். மீதியெல்லாம் மனசில். ஆபீசுக்குத் திரும்பி, பதிப்பு அச்சுக்குப் போவதற்குள் முழுப்படத்தையும் முடித்துக் கொடுக்க வேண்டும்.

சைட்டில் அளவெடுத்து, ஃபீல்ட் புக்கில் கிறுக்கி, ஆபீஸ் வந்து டிராயிங் போடுகிற வேலைதான் கிட்டத்தட்ட. வித்தியாசம், அவர்கள் அளந்தது மனிதர்களை. கூட்டத்தில் ஒருவன் எப்படி நிற்கிறான், பாட்டி எப்படிக் கூடையைப் பிடிக்கிறாள், போலீஸ்காரர் எந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறார் என்பதை ஒரே பார்வையில் மனசில் ஏற்றிக்கொள்ளும் பயிற்சி அது. இதில் கிளாக்கன்ஸ் சூரர். ஒருமுறை பார்த்தால் போதும், அப்படியே வரைவார் என்று நண்பர்கள் வியந்திருக்கிறார்கள். 1898-ல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் வந்தபோது ஒரு பத்திரிகை அவரைக் கியூபாவுக்கே அனுப்பி வைத்தது. லக்ஸோ நியூயார்க்குக்குப் போய், அந்நாளில் சக்கைப்போடு போட்ட 'மஞ்சள் பையன்' கார்ட்டூனைச் சில காலம் வரைந்தார்.

அப்புறம் வந்தது ஹாஃப்டோன். போட்டோவைப் பெரிதும் சிறிதுமான புள்ளிகளாக உடைத்துவிட்டால், கறுப்பு மை ஒன்றை வைத்தே சாம்பல் நிறமும் இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றலாம். 1880-லேயே ஒரு நியூயார்க் தினசரி இப்படி ஒரு படத்தை அச்சிட்டது. 1897-ல் அதிவேக ரோட்டரி அச்சிலும் அது சாத்தியமானது. பிறகென்ன, செய்தி ஓவியர்களின் தொழிலுக்கு மெல்ல மெல்ல மூடுவிழா! டெக்னாலஜி மாறினால் வேலை போகும் என்ற கவலை இன்று நமக்கு மட்டும் வந்ததல்ல. பத்திரிகையில் வேலை சுருங்கச் சுருங்க, இவர்கள் வாரப் பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போட்டுக்கொண்டே சொந்த ஓவியத்தில் இறங்கினார்கள். கேமரா அவர்களுடைய சம்பளத்தைத்தான் பறித்தது. பழகிய கண்ணை என்ன செய்ய முடியும்?

மொட்டை மாடியும் ஜன்னலும்

ஒவ்வொருவராக நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார்கள். ஸ்லோன் கடைசியாக 1904-ல் போய்ச் சேர்ந்தார். அதே வருடம்தான் நியூயார்க்கின் சுரங்க ரயில் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்து இறங்கிய காலம். 1910-ல் அந்நகரின் ஜனத்தொகை 47 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரே கட்டடத்தில் அடுக்கடுக்காகக் குடித்தனங்கள். கோடையில் உள்ளே வெந்து போகிறவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள்.

மேற்கு 23-ஆம் தெருவில் மேல்மாடியில் குடியிருந்த ஸ்லோன், தன் ஜன்னல் வழியே தெரிந்ததையெல்லாம் வரைந்தார். 1905, 1906-ஆம் ஆண்டுகளில் செப்புத் தகட்டில் பத்துப் படங்கள் செய்தார். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி அச்செடுக்கும் முறை அது. மொட்டை மாடியில் குடும்பம் குடும்பமாகத் தூங்கும் ஒரு கோடை இரவு. ஒழுங்கில்லாத அறையில் உள்ளாடையோடு உட்கார்ந்து, பேப்பரில் மகளிர் பக்கம் படிக்கும் ஒரு பெண். பக்கத்தில் கட்டிலில் பூனையோடு விளையாடும் அவள் பிள்ளை. இப்படிப்பட்ட காட்சிகள்.

1906-ல் இவற்றை ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். பத்தில் நான்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொச்சையாக இருக்கிறதாம்! அந்நாளைய கண்காட்சிகளில் நிர்வாணப் படங்களுக்குத் தடை இல்லை. கிரேக்க தேவதை என்று பெயர் வைத்துவிட்டால் போதும். ஆனால் வாடகை வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப்போகும் ஒரு சாதாரணப் பெண் ஓவியத்துக்கு ஆக மாட்டாள் என்றால் என்ன நியாயம்? யாரை வரையலாம், யாரை வரையக்கூடாது என்பதுதான் அங்கே நடந்த உண்மையான சண்டை.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்த வீட்டு ஜன்னலை அவர்களுக்குத் தெரியாமல் பார்த்து வரையலாமா? இன்று ஒருவர் செல்போனில் அப்படிப் படம் எடுத்தால் நாம் சும்மா விடுவோமா? ஸ்லோன் படங்களில் கேலியோ இளக்காரமோ எனக்குத் தெரியவில்லை. பரிவுதான் தெரிகிறது. என்றாலும் அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை என்பதும் நிஜம். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எட்டுப் பேர் கண்காட்சி

1907-ல் நேஷனல் அகாடமி கண்காட்சியின் தேர்வுக் குழு, லக்ஸ் போன்றவர்களின் படங்களைத் தள்ளியது. குழுவிலேயே உறுப்பினராக இருந்த ஹென்ரைக்குக் கோபம். தன் படங்களில் இரண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மறு வருடம் பிப்ரவரி 3-ஆம் தேதி, மக்பெத் காலரியில் எட்டு ஓவியர்கள் சேர்ந்து தாங்களாகவே ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஹென்ரையும் நம் நால்வரும் போக, மீதி மூவர் வேறு பாணிக்காரர்கள். தேர்வுக் குழு கிடையாது, பரிசு கிடையாது. கூட்டம் அலைமோதியது. திட்டியவர்களும் உண்டு. விற்றவை ஏழு படங்கள். அவற்றில் நான்கை வாங்கியவர் கெர்ட்ரூட் விட்னி என்ற சிற்பி. பெரும் பணக்காரக் குடும்பத்துப் பெண்மணி. இன்று நியூயார்க்கில் இருக்கும் விட்னி மியூசியம் அவர் நிறுவியதுதான்.

ஆனால் புதுமைக்கு ஆயுசு கம்மி. 1913-ல் ஒரு ராணுவக் கொட்டடியில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஐரோப்பாவின் நவீன ஓவியங்களும் சேர்த்து சுமார் 1300 படைப்புகள் வந்தன. அதற்குத் தலைமை ஏற்றவர் எட்டுப் பேரில் ஒருவரான ஆர்தர் டேவிஸ்! பிகாசோவையும் மத்தீஸையும் பார்த்த கண்ணுக்குத் தெருக்காட்சிகள் ஒரே நாளில் பழசாகிவிட்டன. வாழ்நாள் முழுக்க வரைந்த ஸ்லோனுக்கு, முதல் தைல ஓவியம் விலைபோனதே அந்த வருடம்தான். அப்போது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். வாங்கியவர் ஆல்பர்ட் பார்ன்ஸ். மருந்து வியாபாரத்தில் சம்பாதித்த கோடீசுவரர். ஸ்லோனின் சென்ட்ரல் ஹைஸ்கூல் தோழர். பள்ளித் தோழர்களின் அருமையைப் பற்றி இந்த மலரில் இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

குழியும் தீயும்

நான் முதலில் சொன்ன அந்த அஸ்திவாரக் குழிக்கு வருவோம். வரைந்தவர் ஜார்ஜ் பெல்லோஸ். ஒஹாயோவிலிருந்து 1904-ல் நியூயார்க் வந்து ஹென்ரையிடம் படித்தவர். பென்சில்வேனியா ஸ்டேஷன் கட்டுவதற்காக மன்ஹாட்டன் நடுவில் தோண்டிய ராட்சசக் குழியை அவர் நான்கு முறை வரைந்தார். நான் பார்த்ததில் பனி மூடிய பள்ளம், எழும்பும் நீராவி, தூரத்தில் எறும்புபோல ஆட்கள். 1910-ல் திறந்த அந்த ஸ்டேஷன் அழகுக்குப் பேர் போனது. 1963-ல் அதை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கட்டடம் போய்விட்டது. குழியும், குழிக்குள் நின்றவர்களும் படத்தில் இருக்கிறார்கள்.

அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நாம் போடுகிற டிராயிங்கில் ஆள் கிடையாது. பிளான், எலிவேஷன், செக்‌ஷன் எல்லாம் இருக்கும். கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்று இருக்கும். அதில் ஏறி இறங்கப் போகிற மனுஷன் இருக்க மாட்டான்.

அது வெறும் அழகு சம்பந்தப்பட்ட குறை அல்ல. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டை ஆலையில் தீப்பிடித்தது. பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் ஆலை. ஒன்பதாம் மாடியில் ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. வெளியே மாட்டியிருந்த இரும்பு அவசரப்படி ஜனங்களின் பாரம் தாங்காமல் சரிந்து விழுந்தது. தீயணைப்பு ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். புதிதாக வந்து குடியேறியவர்கள். காகிதத்தில் பார்த்தால் அந்தக் கட்டடத்தில் கதவு இருந்தது, படியும் இருந்தது. ஒரே நேரத்தில் அத்தனை பேர் ஓடி வந்தால் என்ன ஆகும் என்பதுதான் யார் கண்ணிலும் படவில்லை. அதன் பிறகே விசாரணைக் கமிஷன் அமைத்துப் புதிய சட்டங்கள் கொண்டுவந்தார்கள்.

ஸ்லோன் அப்போது சோஷலிஸ்ட் கட்சியில் இருந்தார். இரண்டே நாளில் ஒரு தொழிலாளர் பத்திரிகையில் அவருடைய கார்ட்டூன் வந்தது. ஒரு முக்கோணம், அதன் மூன்று பக்கங்களில் வாடகை, வட்டி, லாபம் என்ற சொற்கள், நடுவே கருகிக் கிடக்கும் பெண். மறு வருடம், 1912-ல் அவர் ஓர் ஓவியம் வரைந்தார். ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடி, கொடியில் துணிகள், தலை குளித்துவிட்டு முடி உலர்த்தும் மூன்று பெண்கள். அதில் கோஷம் எதுவும் இல்லை. கார்ட்டூனில் பிரச்சாரம் செய்த ஸ்லோன் ஓவியத்தில் அதைக் கலக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துத்தான் பார்க்க முடிகிறது. அந்த ஆலையில் இறந்த பெண்கள் உயிரோடு இருந்திருந்தால் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தானே இருந்திருக்கும்?

பெயர் வந்த கதை

'சாம்பல் தொட்டி' என்ற பெயர் எப்படி வந்தது? நியூயார்க்கில் அன்று வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. 1895-ல் நகரத் துப்புரவுக் கமிஷனராக வந்த ஜார்ஜ் வாரிங் என்பவர் (அவரும் ஓர் இன்ஜினியர்தான்) சாம்பல் தனி, சமையல் கழிவு தனி, மற்ற குப்பை தனி என்று பிரித்து வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். தெருவோரச் சாம்பல் தொட்டி நகரத்தின் அடையாளமாயிற்று. 1916-ல் 'மாஸஸ்' என்ற பத்திரிகையில் படங்களோடு அரசியல் வாசகம் சேர்ப்பது பற்றித் தகராறு. ஸ்லோனும் சிலரும் அதை எதிர்த்து விலகினார்கள். அப்போது ஆர்ட் யங் என்ற கார்ட்டூனிஸ்ட், இவர்களுக்குக் கொள்கை ஒன்றும் வேண்டாம், சாம்பல் தொட்டியையும் தெருப் பெண்களையும் வரைந்தால் போதும் என்ற பொருளில் சலித்துக்கொண்டார். திட்டாகச் சொன்னது 1930-களில் கலை வரலாற்றுப் புத்தகத்தில் ஏறி நிரந்தரப் பட்டமாகிவிட்டது!

அந்தப் பரம்பரை அதோடு நிற்கவில்லை. ஹென்ரையின் மாணவர் எட்வர்ட் ஹாப்பர் நள்ளிரவுச் சாப்பாட்டுக் கடையை வரைந்து உலகப் புகழ் பெற்றார். ஸ்லோன் பிற்காலத்தில் ஆசிரியரானார். அவரிடம் வந்து சேர்ந்த ஒரு மாணவரைப் பற்றி இந்த மலரில் சொல்லாமல் விட முடியாது. அலெக்சாண்டர் கால்டர், 1919-ல் ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிடியூட்டில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர். சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஓவியம் படிக்க வந்தார். பத்திரிகைக்காகக் குத்துச்சண்டை, சர்க்கஸ் என்று ஓடி ஓடி வரைந்தார். பிறகு பென்சில் கோட்டுக்குப் பதிலாகக் கம்பியையே வளைத்து உருவங்கள் செய்து, கடைசியில் காற்றில் அசையும் 'மொபைல்' சிற்பங்களைப் படைத்தார். அந்தச் சமநிலைக் கணக்கெல்லாம் நம்ம மெக்கானிக்ஸ் பேப்பர்தான்.

இன்னொரு செய்தி. பெல்லோஸ் 1912-ல் வரைந்த 'துறைமுகத்து மனிதர்கள்' என்ற ஓவியம், பனிக்காலத்தில் வேலைக்காகக் காத்து நிற்கும் கூலியாட்களைக் காட்டுவது. வர்ஜீனியாவில் ஒரு பெண்கள் கல்லூரி மாணவிகள் 1920-ல் 2500 டாலர் திரட்டித் தங்கள் கல்லூரிக்காக அதை வாங்கினார்கள். 2007-ல் கல்லூரி அதை விற்க முயன்றபோது முன்னாள் மாணவிகள் உள்பட பலர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆனாலும் 2014-ல் லண்டன் நேஷனல் காலரிக்கு இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் விலைக்குப் போய்விட்டது. வேலை கிடைக்குமா என்று நின்ற ஆட்களின் படம்! அதை விற்றது சரியா தவறா என்பதை நம் சங்கக் கூட்டத்தில் விவாதிக்கலாம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இப்போது ஆட்டோகேட் இருக்கிறது, இன்னும் என்னென்னவோ வந்துவிட்டது. கோடு போட உங்களுக்குக் கை வேண்டியதில்லை. என்றாலும் பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்திருங்கள். பஸ் ஸ்டாண்டில், கேண்டீனில், சைட்டில் நாலு பேரைக் கிறுக்கிப் பாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம், அழகாக இருக்கவும் வேண்டாம். சுமையோடு படியேறுகிறவர் எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறார் என்று ஒருமுறை வரைந்து பார்த்தவர், அடுத்த தடவை படிக்கட்டு டிசைன் பண்ணும்போது அந்த இடத்தில் ஒரு லாண்டிங் வைப்பார்.